அவர் கடனை வீட்டின் மேல் ஏற்றாதீர்கள்

கணவன் மனைவி இருவர் பேரிலும் கடன் இருந்து, தவணை தடுமாற ஆரம்பித்தால், நம் வீடுகளில் பெரும்பாலும் கணவர்தான் முடிவெடுக்கிறார். வங்கியில் பேசுவதும் பேரம் பேசுவதும் அவர்தான். டாப்-அப்பா (இருக்கும் கடன் மேலேயே இன்னும் வாங்குவது), செட்டில்மென்ட்டா (குறைத்துக் கட்டி முடிப்பது), தவணையை நீட்டிப்பதா என்று எல்லாம் முடிவான பிறகு மனைவியிடம் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தக் கையெழுத்தால் அவர் தலையில் என்ன ஏறுகிறது என்பதை யாருமே அவருக்குச் சொல்வதில்லை.

ஹவுஸ் லோன் போடும்போது "ரெண்டு பேர் சம்பளத்தையும் காட்டினா கூட கிடைக்கும்" என்று சொல்லி மனைவியை கோ-அப்ளிகன்ட், அதாவது சேர்ந்து கடன் கேட்பவர், ஆக்குகிறார்கள். ஆளுக்குப் பாதி என்று வீட்டில் பேசிக்கொள்ளலாம். வங்கிக்கு அந்தக் கணக்கு கிடையாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஒருவரை வங்கி விடுவித்தாலும் மற்றவர் பொறுப்பு அப்படியே நிற்கும் என்கிறது 44ஆம் பிரிவு. விவாகரத்தே ஆனாலும் வங்கி ஒப்புக்கொண்டு மாற்றி எழுதாத வரை பெயர் நீங்காது.

அதனால் முதல் வேலை, இருவரும் தனித்தனியாக கிரெடிட் ரிப்போர்ட், அதாவது தங்கள் பேரில் உள்ள கடன்களின் பதிவு, எடுப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று இந்தப் பதிவை வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். எடுத்து வைத்துக்கொண்டு எது அவர் பேரில், எது இவர் பேரில், எது இருவர் பேரில் என்று பிரியுங்கள். எந்தக் கடனை எப்படி அடைப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

எனக்குத் தெரிந்த திருப்பூர் தம்பதி ஒன்று. அவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அவர் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. வீட்டுக் கடன் இருவர் பேரில். பெர்சனல் லோனும் இரண்டு கிரெடிட் கார்டும் கணவர் பேரில் மட்டும். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதும் தவணைகள் தடுமாறின. கார்டு ஆட்கள் ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடுவதால் கையில் வந்த பணமெல்லாம் அங்கே போனது. வீட்டுக் கடன் வங்கி அமைதியாக இருந்ததால் அது தள்ளிப்போனது. இது ஆபத்தான வரிசை. வீட்டுக் கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக் கடன். அடுத்து 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வரவில்லை என்றால் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். கார்டுக் கடனுக்கு அடமானம் எதுவும் இல்லை. சத்தம் போடுபவருக்கு முதலில் கட்டுவது இயல்புதான், ஆனால் இருவர் பேரிலும் இருக்கும் கடனுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதிக்கு ஒரு ஏஜென்ட் சொன்ன யோசனை டாப்-அப். வீட்டுக் கடன் மேலேயே இன்னும் ஆறு லட்சம் வாங்கி, கார்டையும் பெர்சனல் லோனையும் முடித்துவிட்டால் ஒரே தவணை, வட்டியும் குறைவு. கணக்காகப் பார்த்தால் சரிதான். ஒரு லட்சம் ரூபாய் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 3,500, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. ஐயாயிரம் கட்டினால் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். இந்தச் சுமையிலிருந்து தப்பிக்க யாருக்கும் தோன்றும். ஆனால் டாப்-அப் வாங்கிய அன்றே, அவர் பேரில் மட்டும் இருந்த கடன் மனைவியின் கடனாகவும் மாறுகிறது. அடமானமே இல்லாத கடனுக்கு வீடு பிணையாகிறது. அந்த ஆசிரியை கார்டு தேய்த்தவர் அல்ல. வட்டி மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக இதைச் செய்யச் சொல்வது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். விளைவை முழுசாகத் தெரிந்துகொண்டு அவரே சம்மதித்தால் சரி. அப்போதும் டாப்-அப் பணம் நேராகக் கார்டுக் கணக்குக்குப் போக வேண்டும், கார்டை ரத்து செய்துவிட வேண்டும்.

செட்டில்மென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சம் பாக்கிக்கு ஒன்றரை லட்சம் கட்டுங்கள் என்பார்கள், கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அதைப் பார்க்கிற அடுத்த வங்கி தயங்கும். 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி சமரசம் செய்துகொண்டவருக்கு (விவசாயக் கடன் தவிர) மறுபடி கடன் தர குறைந்தது 12 மாதம் இடைவெளி வேண்டும். ஜாயின்ட் லோனை செட்டில் செய்தால் இந்தக் கறை இருவர் பேரிலும் விழுகிறது. ஆகவே, வேறு வழியே இல்லை என்றால் தனி ஒருவர் பேரில் உள்ள கார்டை மட்டும் செட்டில் செய்யுங்கள். இன்னொருவர் பெயர் சுத்தமாக இருக்கட்டும். நாளைக்குப் பிள்ளையின் கல்விக் கடனுக்கு அந்த ஒரு பெயர்தான் கைகொடுக்கும்.

வீட்டுக் கடனுக்கு நான் சொல்வது தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பது. அதற்கும் விலை உண்டு. 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் சுமார் 26,035 ரூபாய். 25 வருடமாக்கினால் 24,157. மாதம் 1,900 ரூபாய்கூட முழுசாகக் குறையவில்லை, மொத்த வட்டியோ பத்து லட்சம் ஏறுகிறது. இதைப் பார்த்துப் பயந்து நீட்டிக்காமல் விடவும் வேண்டாம். தவணை தப்பாமல் இருப்பது அந்த நேரத்தில் பெரிது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதால், வருமானம் திரும்பியதும் கூடுதலாகக் கட்டி அந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அப்புறம் நகை. எல்லா வீட்டிலும் முதலில் கழற்றப்படுவது அதுதான். வங்கியில் நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அதனால் கார்டை அடைக்க நகையை வைப்பது கணக்குக்கு நல்ல வழிதான். ஆனால் அது மனைவியின் தனிச் சொத்து. கஷ்டத்துக்குக் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த நகை, எத்தனை பவுன், எந்த மாதம் மீட்பது, யார் சம்பளத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புருஷன் பொண்டாட்டிக்குள் எழுத்தா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிக்கு எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டோம்? இதற்கு ஒரு தாள் போடுவதில் என்ன வருத்தம்?

வங்கி எதற்கு ஒப்புக்கொண்டாலும் அதை எழுத்தில், இருவர் பெயரும் போட்டு வாங்குங்கள். ஃபோனில் சொன்னது செல்லாது. கடன் முடிந்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரம் கைக்கு வர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பத்திரத்தை வாங்க இருவருமே போங்கள்.