ராமாராவ் வளர்த்த பேப்பராம்!

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பேச்சு, ஆந்திராவின் தெலுங்கு நாளிதழ் ஈநாடு எப்படி வளர்ந்தது என்பது பற்றி. "ஈநாடா? அது என்.டி.ராமாராவ் வளர்த்துவிட்ட பேப்பர், சாதிக்காரனுக்குச் சாதிக்காரன் செஞ்சான்" என்று ஐம்பது வருடக் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார் விவாதத்துக்கு வந்த அண்ணன் ஒருவர். பொறுமையாக நாலு வரி பதில் போட்டதற்குக் கிடைத்த பட்டம் "சொம்பு". சரி, சொம்பு இன்று கொஞ்சம் விலாவாரியாகவே பேசட்டும்.

முதலில் தேதி. ராமோஜி ராவ் விசாகப்பட்டினத்தில் ஈநாடு தொடங்கியது 1974 ஆகஸ்ட் 10. ஹைதராபாத் பதிப்பு 1975 டிசம்பர். விஜயவாடா 1978. பின்னாளில் முதலமைச்சரான நடிகர் ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்ததோ 1982 மார்ச் 29. கட்சி பிறக்கும்போது பேப்பருக்கு ஏழரை வயது. அதற்குள் ஆந்திரப்பிரபா என்ற பழைய தெலுங்கு நாளிதழை விற்பனையில் தாண்டியும் ஆயிற்று. பிறக்காத கட்சி எப்படி அண்ணே பேப்பரை வளர்க்கும்?

பிறகு எது வளர்த்தது? விடிவதற்குள் வாசலில் பேப்பர். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் பதில் அதுதான்.

அந்தக் காலத்தில் விசாகப்பட்டினத்துக்குத் தெலுங்கு நாளிதழ் எங்கிருந்து வரும்? 350 கிலோமீட்டர் தள்ளி விஜயவாடாவிலிருந்து. வந்து சேரும்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அதற்கும் முன்னால் தெலுங்குப் பத்திரிகைக்குத் தலைநகரமே நம்ம சென்னைதான். அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் ஆந்திர பத்திரிகாவை 1914ல் நாளிதழாக்கியது இங்கே. ஆந்திரப்பிரபா 1938ல் பிறந்ததும் இங்கே. வாசகன் ஓரிடம், அச்சு இயந்திரம் ஓரிடம் என்றே பழகிப்போன தொழில் அது. இயந்திரத்தை வாசகன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார் ராமோஜி. வெளியீட்டுக்கு 40 நாள் முன்பே பேப்பர் போடும் பையன்களை வேலைக்கு எடுத்துத் தெரு பிரித்துக் கொடுத்தார்கள். முதல் வாரம் இலவசம். எந்தத் தியேட்டரில் என்ன படம் என்பதிலிருந்து உள்ளூர் விஷயம் எல்லாம் உள்ளே. இதில் சாதி எங்கே வருகிறது?

பேப்பர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசிப் பக்கம் அரை மணி தாமதமானால் வண்டி அரை மணி தாமதம். நேரம் தப்பினால் ஏஜெண்டிடம் கட்டுப் பிரிக்க ஆள் இருக்காது, பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருப்பான். டீக்கடைக்காரர் அடுத்த பேப்பரை வாங்கிப் போட்டுவிடுவார். ஒரு வாரம் இப்படி நடந்தால் அந்தத் தெரு போச்சு. தலையங்கம் எழுதி அந்தத் தெருவை மீட்க முடியாது. மதுரையில் தொடங்கி ஊர் ஊராக அச்சடித்த தினத்தந்தியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வருத்தம்.

"அப்போ 1983 சட்டமன்றத் தேர்தல்?" என்று வருவீர்கள். ஆமாம், ராமாராவின் பிரசார வண்டியான சைதன்ய ரதம் போன ஊரெல்லாம் ஈநாடு கூடவே போனது. ஒன்பது மாதக் கட்சி 201 இடம் பிடித்ததில் பேப்பருக்குப் பங்கு உண்டு. யார் மறுத்தது? ஆனால் பேப்பர் ஏற்கெனவே வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்தப் பங்கே. மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டாதீர்கள்.

ராமாராவால் ஈநாடுக்கு உண்மையிலேயே ஒரு லாபம் கிடைத்தது. அதை என்னைத் திட்டியவர்கள் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். தாலுகாக்களை உடைத்து மாநிலம் முழுக்கச் சுமார் 1,100 மண்டலமாக்கியது அவர் ஆட்சி. 1989ல் ஈநாடு மாவட்டத்துக்கு ஒரு டேப்ளாய்டு (பாதி அளவுத் தாள்) இணைப்பு கொண்டுவந்தபோது அந்த வரைபடம் தயாராக இருந்தது: மண்டலத்துக்கு ஒரு பகுதிநேர நிருபர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பக்கம், பக்கத்துக்குப் பத்துச் செய்தி என்றால் தினமும் 80. மாவட்டத்தில் 50 மண்டலம் இருந்தால் ஆளுக்கு ஒன்றரைச் செய்தி. பஞ்சாயத்துக் குழாய், பள்ளிக்கூடக் கூரை, மிளகாய் விலை எல்லாம் அச்சேறும். தன் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்தவன் மறுநாளும் வாங்குவான். மாநிலம் முழுமைக்குமான விளம்பரக் கட்டணம் கட்ட முடியாத நெல்லூர் ஜவுளிக்கடைக்காரர், நெல்லூர் இணைப்பில் மட்டும் போட்டுக்கொள்வார். கல்லாப்பெட்டி நிறைந்தது அங்கேதான்.

இதில் கோளாறு இல்லாமல் இல்லை. மாவட்டத்தோடு செய்தி அடைபட்டுவிடும். ஸ்ரீகாகுளத்தில் நடப்பது ஸ்ரீகாகுளம் இணைப்போடு சரி, கர்னூல்காரனுக்குத் தெரியாது. பெரிய பிரச்சினைகூட உள்ளூர்ச் சில்லறையாகச் சுருங்கும். உருப்படியான விமர்சனம் வேண்டுமென்றால் இதைப் பிடித்திருக்கலாம், அண்ணன் பிடிக்கவில்லை.

சாராயப் போராட்டம் தனிக்கதை. 1992ல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளிப் பாடம் படித்த பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. ஈநாடு நாள்தோறும் அதற்கு இடம் ஒதுக்கியது. அடுத்த ஊரில் பெண்கள் செய்ததைக் காலையில் படித்துவிட்டு இந்த ஊர்ப் பெண்கள் கிளம்பினார்கள். 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு. "பேப்பர்தான் போராட்டத்தை நடத்தியது" என்று நான் சொல்லவில்லை, சொன்னதாகத் திரிக்காதீர்கள். நடத்தியது பெண்கள். தகவலைக் காலை ஆறு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது பேப்பர். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: விடிவதற்குள் வாசலில்.

1995 ஆகஸ்டு பற்றிக் கேட்டவர்களுக்கு: தெரியும். தூக்கிவைத்த அதே ராமாராவை மாப்பிள்ளை சந்திரபாபு நாயுடு ஆட்சியிலிருந்து கவிழ்த்தபோது ஈநாடு நின்றது மாப்பிள்ளை பக்கம். அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது, அடுத்ததுக்குப் போகலாம். ஆனால் ஒன்று, "ராமாராவ் பேப்பர்" என்ற உங்கள் பட்டமும் அன்றோடு கிழிந்துவிட்டது இல்லையா?

காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த ராஜசேகர ரெட்டி "அந்த ரெண்டு பத்திரிகைகள்" என்று மேடைக்கு மேடை ஈநாடையும் ஆந்திரஜோதியையும் திட்டியதும் ஞாபகம் இருக்கிறது. திட்டுவதோடு நிற்கவில்லை அந்தக் குடும்பம். 2008 மார்ச்சில் மகன் ஜெகன் சாக்‌ஷி என்ற போட்டி நாளிதழைத் தொடங்கினார், ஒரே நாளில் 23 பதிப்பு, எல்லாப் பக்கமும் கலர். ஊருக்குப் பக்கத்தில் அச்சு, மாவட்ட இணைப்பு, மண்டலத்துக்கு ஆள் என்று எல்லாமே ஈநாடு போட்ட பாதை. எதிரிக்கே புரிந்திருக்கிறது எது வளர்த்தது என்று. இங்கே உட்கார்ந்து சாதி எண்ணுகிறவருக்குத்தான் புரியவில்லை.

எனக்கு எரிச்சல் ஈநாடைத் திட்டியதால் இல்லை. திட்டுங்கள், பத்து லட்சத்துக்கு மேல் விற்கிற பேப்பர், தாங்கும். ஒரு முதலாளி, ஒரு முதலமைச்சர், இரண்டு பேருக்கும் ஒரே சாதி என்று கதையை முடிக்கும்போது அந்த 1,100 மண்டல ஆட்கள் எங்கே போனார்கள்? தெலுங்குப் பத்திரிகைகளில் இந்தப் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வந்த நீளத்தை அளந்து காசு. எழுதியது பத்து அங்குலம், டெஸ்க்கில் இருக்கும் துணையாசிரியர் வெட்டி மூன்று அங்குலம் வந்தால் மூன்றுக்குத்தான். மிச்சத்துக்கு விளம்பரம் பிடித்துக் கமிஷனில் ஓட்ட வேண்டும். காலையில் எந்த ஒப்பந்ததாரரைப் பற்றி எழுதினாரோ, ஆண்டுவிழா விளம்பரத்துக்கு அவரிடமே போய் நிற்க வேண்டும். செய்தி எங்கே எப்படிக் கெட்டுப்போகிறது என்று தேடுகிறவர் சாதிச் சான்றிதழை விட்டுவிட்டு இந்த இடத்தைத் தோண்டிப் பார்த்திருக்கலாம்.

ஈநாடை எடுத்து மாவட்டப் பக்கத்தைப் புரட்டுங்கள். சம்பள நிருபர் அனுப்பியது என்றால் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் "ஈநாடு" என்று இருக்கும். மண்டலத்து ஆள் அனுப்பியது என்றால் "நியூஸ்டுடே". அவர் சொந்தப் பெயரைத் தேடாதீர்கள்.