தண்ணீருக்கும் கயிற்றுக்கும் கொடுத்த காசு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிலோ 1,200 ரூபாய் கொடுத்து இரண்டு களி நண்டுகளை வாங்கி வந்து, அரை மணி நேரம் தேய்த்துத் தேய்த்துச் சேறு போகக் கழுவி, ஓட்டைப் பிரித்ததும் சதைக்குப் பதிலாகக் கலங்கல் தண்ணீர் கொட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பெரிய கொடுக்கை உடைத்துப் பார்த்தேன். விரல் பருமனுக்குத் திரண்டிருக்க வேண்டிய வெள்ளைச் சதை, நூல் நூலாகச் சுருங்கி ஓட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுக்குகளைக் கட்டியிருந்த ஈரக் கயிற்றைத் தராசில் வைத்தேன்; 70 கிராம் காட்டியது. அதாவது, கயிற்றுக்கு மட்டும் 84 ரூபாய் கொடுத்திருக்கிறேன்!

நண்டு பழைய ஓட்டைக் கழற்றியதும், புது ஓடு இறுகுவதற்குள் நிறையத் தண்ணீரை உறிஞ்சித் தன் உடலை உப்பவைத்துக்கொள்ளும். அந்தப் பெரிய ஓட்டுக்குள் சதை நிறைய மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை அது வெறும் தண்ணீர் நண்டுதான். இது வியாபாரிகளுக்குத் தெரியாத இரகசியம் அன்று. சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகும் நண்டுகளைத் தரம் பிரிக்கும்போது இவற்றைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். இவற்றைக் குளத்திலும் கூண்டிலும் விட்டு, கழிவு மீனைத் தீனியாகப் போட்டுக் கொழுக்கவைத்து விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. அப்படியிருக்க, உள்ளூரில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் பையில் மட்டும் அதே நண்டை முழு விலைக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

என் அம்மா நண்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிக் கால்களுக்கு அருகே அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நெளிந்து கொடுத்தால் வாங்கவே மாட்டார். மேலோடு கறையில்லாமல் பளபளவென்று புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுவார். நானும் அப்படித்தான் அழுத்தப் போனேன். "அழுத்தாதீங்கம்மா, செத்துடும்" என்று கடைக்காரர் கையைத் தட்டிவிடாத குறையாகத் தடுத்தார். நன்றாக இறுகிய ஓடுள்ள நண்டு ஒரு விரல் அழுத்தத்தில் சாகாது என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் போய்க் கேட்டபோது, "உள்ள என்ன இருக்குன்னு நான் திறந்தா பார்க்க முடியும்?" என்றார். திறக்க வேண்டாம். தண்ணீர் நண்டைத் தனிக் கூடையில் போட்டு, பாதி விலைக்குத் தண்ணீர் நண்டு என்றே சொல்லி விற்கட்டும். எடை போட்டபின் கயிற்றின் கனத்தைக் கழிக்கட்டும். சின்ன வெங்காயம் உரித்து, மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, அவ்வளவு பாடுபட்டு வைத்த குழம்பில் அன்று என் பிள்ளைகள் வெறும் ஓட்டைத்தான் உறிஞ்சினார்கள்.