கடலோர வெயிலுக்கு ஏற்ற நாய் எது?

கடலோர ஊர்களில் வளர்க்க ஏற்ற நாய்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அடுக்குமாடி வீடுகளுக்கு ஹஸ்கி நாயையும் பரிந்துரைத்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சைபீரியக் குளிருக்கென இரட்டை அடுக்கு ரோமத்துடன் உருவான அந்த இனம், நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றன என்பதால், கடலூரின் மே மாதப் புழுக்கத்தில் பெரிதும் துன்புறும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தமிழக நாய் இனங்கள் நம் வெயிலைத் தாங்குபவை. ஆயினும் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட அவற்றை கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டில் கட்டிப்போடுவது கொடுமை. சிறிய வீட்டுக்குத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே பொருத்தமானது என்பேன். எதை வளர்த்தாலும், 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் நம் ஊரில், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் பற்றியும் கால்நடை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.