டிஸ்க்கில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கக்கூட ஆளில்லையா?

சர்வீஸுக்கு விட்ட பைக்கை எடுக்கப் போனால், கையில் திணிக்கப்படும் பில்லில் 'பிரேக் செக்கப்' என்று ஒரு வரியும் அதற்கு நேரே ஒரு தொகையும் தவறாமல் இருக்கின்றன. அந்தத் தொகைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. முன்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கின் தடிமன் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட, அவர் வந்து டிஸ்க்கின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தொடவே வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டைவிரலால் அளக்கக்கூடிய சமாச்சாரமா இது? என் வண்டியின் முன் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 4 மி.மீ. தடிமன், 3.5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட வேண்டும். அதாவது, அதன் மொத்த ஆயுளும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும் என்பதால்தான், குறைந்தபட்சத் தடிமன் இவ்வளவு என்று டிஸ்க்கின் மீதே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். மேனுவலைத் தேட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், குனிந்து பிரேக் தூசியைத் துணியால் துடைத்தால் எண் கண்ணில் படும். தினமும் இருபது முப்பது வண்டிகளைக் கழுவி அனுப்பும் இடத்தில் அந்த எண்ணை ஒருவர்கூடப் படித்ததில்லை என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது?

வற்புறுத்திக் கேட்டால், எங்கிருந்தோ, இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்துத் தடிமன் அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரைத் தேடி எடுத்து வருகிறார்கள். அதை வைக்கும் விதத்தைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் உரசும் பகுதி மட்டும்தான் தேயும். பேட் தொடாத வெளிவிளிம்பு தேயாமல் அப்படியே நிற்கும். நன்றாக ஓடிய டிஸ்க்கை நகத்தால் நடுவிலிருந்து வெளியே வருடிப் பார்த்தால், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைப் போல ஒரு திட்டு இடறும். வெர்னியரின் தாடைகள் அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேயாத விளிம்பின் தடிமனைத்தான் காட்டும். உள்ளே 3.4 இருக்கும், வெளியே 3.9 என்று அளவு வரும், "பாத்தீங்களா சார், புதுசு மாதிரி இருக்கு" என்பார்கள். சிறு முனைகளால் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து, பேட் உரசும் தடத்துக்குள் நாலைந்து இடங்களில் வைத்து, வந்த அளவுகளில் மிகக் குறைவானதை எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது இந்த 'டிஸ்க் பெண்டு' என்ற மந்திரம். பிரேக்கைப் பிடிக்கும்போது லீவர் விரலில் துடித்தால், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்து விழும் சொல் அது. வளைந்திருக்கலாம்தான், நான் மறுக்கவில்லை. டிஸ்க்கில் மாட்டிய பூட்டைக் கழற்ற மறந்து வண்டியை நகர்த்துபவர்கள் நம் ஊரில் குறைவில்லை. ஆனால், டிஸ்க் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தேய்ந்திருந்தாலும் லீவர் துடிக்கும். பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தாலும் துடிக்கும். டிஸ்க்கை வீலில் மாட்டும்போது அடியில் துருவையோ மண்ணையோ சுத்தம் செய்யாமல் போல்ட்டை முறுக்கியிருந்தாலும் துடிக்கும். டிஸ்க் கோணி ஆடுகிறதா என்று தெரிய வேண்டுமானால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியைப் பொறுத்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் அனுமதி. டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் காருக்குத்தான் சார்" என்கிறார்கள்.

சரி, பெண்டு என்று முடிவு செய்துவிட்டார்கள், அப்புறம் என்ன செய்வார்கள்? லேத்துக்கு அனுப்பி 'ஃபேஸிங்' போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். இருப்பதே அரை மில்லிமீட்டர், அதில் பாதியை ஓட்டித் தேய்த்தாகிவிட்டது. மிச்சத்தை லேத்காரர் இரண்டு பக்கமும் சீவி எடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், சூட்டில் மறுபடி கோணும், துளைகளின் ஓரத்தில் விரிசல் விடும். அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு, "புதுசு வாங்குனா எவ்வளவு ஆகும் தெரியுமா" என்று நமக்கு உபகாரம் செய்ததுபோல் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

இதையெல்லாம்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். வாட்டர் வாஷ் முடிந்தபின் நடக்கும் கூத்தை என்னவென்று சொல்வது? வண்டி பளபளக்க வேண்டும் என்பதற்காக டீசலையோ பாலிஷையோ ஸ்பிரேயரில் நிரப்பி, எஞ்சின், ஃபோர்க், ரிம் என்று ஒன்றுவிடாமல் அடிக்கிறார்கள். அது டிஸ்க்கிலும் படிகிறது, சக்கரம் சுற்றும்போது பேட்டுக்குள்ளும் இறங்குகிறது. டிஸ்க்கில் பட்ட எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேட் உறிஞ்சிக்கொண்ட எண்ணெயை என்ன செய்தாலும் முழுதாக எடுக்க முடியாது, பேட்டைத்தான் மாற்ற வேண்டும். வாசலைத் தாண்டி முதல் சிக்னலில் பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்திக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. திரும்பி வந்து சொன்னால் பேட்டைக் கழற்றி உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டிவிட்டு, "ஓட ஓட சரியாயிடும்" என்கிறார்கள். எது சரியாகும், பிரேக்கா, முன்னால் போகிறவர் முதுகா?

பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பிரேக் காலிப்பர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கான் கிரீஸ் தடவும் வேலையும் இதே கதைதான். பின் இறுகிப்போனால் ஒரு பக்கப் பேட் மட்டும் காகிதமாய்த் தேய்ந்திருக்கும், இன்னொன்று தடியாக இருக்கும். வெளியே தெரியும் தடிப் பேட்டைப் பார்த்து 'ஓகே' போட்டுவிடுவார்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி மேனுவலில் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 155 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குபவருக்கு அந்த வித்தியாசம் என்ன என்பது லீவர் கைப்பிடியோடு ஒட்டும்போது தெரிந்துவிடும்.

125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால், "ஏபிஎஸ் வண்டிதானே சார், பயப்படாதீங்க" என்ற பேச்சும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. தேய்ந்த டிஸ்க்கையும் எண்ணெய் குடித்த பேட்டையும் அது எப்படிக் காப்பாற்றும்?

ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று குறிக்க ஒரு முள் படம், எந்தப் பக்கம் கீறல் என்று வட்டமிட வண்டியின் படம், கண்ணாடி இருக்கிறதா, டூல் கிட் இருக்கிறதா என்று வரிசையாகக் கட்டங்கள். நாளைக்கு நாம் சண்டைக்கு வந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடெல்லாம் பக்காவாக இருக்கிறது. டிஸ்க் தடிமன் இத்தனை மி.மீ. என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. இனிமேல் வண்டியை விடும்போது அதை நானே பேனாவால் கட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறேன். அதில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே 'பிரேக் செக்கப்' வரிக்குப் பணம்.