பின்லாந்து பத்தி சுத்துற அந்த மெசேஜ் உண்மையா?
"பின்லாந்துல 7 வயசு வரைக்கும் பசங்க வீட்லதான் இருப்பாங்க, பரீட்சையே கிடையாது, பாடங்களையே எடுத்துட்டாங்க"ன்னு ஒரு மெசேஜ் குரூப் குரூப்பா சுத்துது, தயவுசெஞ்சு அப்படியே நம்பிடாதீங்க.

ஒன்னாங்கிளாஸ் 7 வயசுலதான், அது நெஜம். ஆனா அதுக்கு முன்னாடி வீட்லயே இருக்காங்கன்றது சுத்தப் பொய். பள்ளி வயசுக்கு முன்னாடி டே கேர்ல இடம் கேட்டா உள்ளூர் நகராட்சி குடுத்தே ஆகணும், அது சட்டம். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து, ரொம்ப கம்மி வருமானம்னா ஒன்னுமே கட்ட வேண்டாம். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் அங்கயேதான், மழை பேஞ்சாலும் கோட்டு பூட்ஸ் மாட்டி வெளிய விளையாட விட்டுடுவாங்க. இந்த டே கேர் 2013ல இருந்து கல்வி அமைச்சகத்துக்கு கீழதான் வருது, அதாவது அதையும் படிப்போட ஒரு பகுதியாத்தான் பாக்குறாங்க, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். அப்புறம் 6 வயசுல ஒரு வருஷம் முன்பள்ளி, இலவசம், வருஷத்துக்கு குறைஞ்சது 700 மணி நேரம், 2015ல இருந்து கட்டாயமும் ஆக்கிட்டாங்க.

பரீட்சை? 9ஆம் வகுப்பு வரைக்கும் நாடு முழுக்க ஒரே பொதுத்தேர்வுன்னு இல்ல, அவ்ளோதான். டீச்சர் கிளாஸ்ல டெஸ்ட் வைப்பாங்க, மார்க்கும் போடுவாங்க. மேல்நிலைப் படிப்பு முடியும்போது தேசிய அளவுல பெரிய தேர்வே இருக்கு.

பாடங்களும் எங்கயும் போகல. 2016 பாடத்திட்டத்துல, பல பாடங்களைச் சேர்த்து ஒரே தலைப்புல படிக்கிறதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும்னு சொன்னாங்க, கணக்கு, வரலாறு எல்லாம் தனித்தனியா இன்னும் நடந்துட்டுதான் இருக்கு.