ஜே டிமெரிட்டின் கதையில் விட்டுப்போகிற பாதி

போன சனிக்கிழமை காலை பையனை ஃபுட்பால் பயிற்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் ஃபோல்சமில்தான் இருக்கிறோம். பயிற்சி முடிந்ததும் கோச் பிள்ளைகளைப் புல்தரையில் உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் எந்தத் தொழில்முறை அணியும் எடுத்துக்கொள்ளாத ஒரு பையன், கையில் 1800 டாலரோடு லண்டனுக்குப் போய், ஒன்பதாம் டிவிஷனில் ஆடி, மூன்றே வருஷத்தில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கை எட்டிப்பிடித்து, அப்புறம் உலகக் கோப்பையும் ஆடிய கதை. விடாமல் உழைத்தால் எதுவும் நடக்கும் என்று முடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அந்தப் பையன் ஜே டிமெரிட். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர். 2010 உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்து ஆட்டத்தை சென்னையில் ராத்திரி 12 மணிக்கு உட்கார்ந்து பார்த்தவன் நான். அன்றைக்கு இங்கிலாந்தின் ரூனியை ஒட்டி ஒட்டி நின்று கோல் போட விடாமல் தடுத்தவர்களில் ஒருவர் இவர். அதனால் அவர் உழைப்பைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே சொன்னாலும் இந்தக் கதையைப் பாதியோடுதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அவசியம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

டிமெரிட் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊர்க்காரர். பேக்கர்ஸ் அணியின் ஊர் அது. அங்கே ஃபுட்பால் என்றால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்தான், நம்முடைய ஃபுட்பாலுக்கு அங்கே பெரிய இடம் கிடையாது. சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்தார். முன்வரிசை ஆட்டக்காரராகப் போனவரைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். அவர் வெளியே வந்த காலம் மிக மோசமான காலம். அமெரிக்காவின் முதல் டிவிஷனான எம்எல்எஸ் லீக் 2002 ஆரம்பத்தில் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளையும் மூடிவிட்டு 12-லிருந்து 10 அணிகளாகச் சுருங்கியிருந்தது. இவ்வளவு பெரிய தேசத்துக்கு மேல்மட்டத்தில் பத்தே அணி! கல்லூரிப் பையன்களை வரிசை வைத்து எடுக்கும் டிராஃப்டில் இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கதவு மூடினால் இந்த ஊரில் அநேகமாக அவ்வளவுதான்.

2003-ல் கிளம்பிவிட்டார். லண்டனில் ஒரு நண்பனின் அம்மா வீட்டில், கூரைக்குக் கீழே பரண் மாதிரி இருந்த அறையில் தங்கல். சவுத்ஹால் என்ற கிளப்பில் ஆட்டம். லண்டனில் பஞ்சாபிகள் நிறைந்த பகுதி அது, கிளப் ஒன்பதாம் படிநிலையில் இருந்தது, வாரத்துக்கு 40 பவுண்டு சம்பளம். அடுத்த வருஷக் கோடையில் நார்த்வுட் என்ற இன்னொரு சின்ன கிளப்புக்காக சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்று ஆடினார். எதிரணி வாட்ஃபோர்டு, இரண்டாம் டிவிஷன் கிளப். அப்போதைய வாட்ஃபோர்டு மேலாளர் ரே லூயிங்டன் பார்த்துவிட்டு டிரையலுக்கு வரச் சொல்ல, டிரையல் ஒப்பந்தமாக மாறியது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரையிருட்டில் நூறு இருநூறு பேர் பார்க்கிற மைதானத்தில் ஆடும் பையனை இரண்டாம் டிவிஷன் மேலாளர் நேரில் பார்க்கிற வாய்ப்பு எப்படி வந்தது? ஒரு நகரத்துக்குள் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் எல்லாப் படியிலும் கிளப்கள் இருக்கின்றன, கோடையில் பெரிய கிளப் சின்ன கிளப்போடு ஆடுவது அங்கே பழக்கம். 1800 டாலரை வைத்துக்கொண்டு அவர் போய் நின்ற இடம் அப்படிப்பட்ட இடம். அதே பணத்தோடு விஸ்கான்சினிலிருந்து கான்சஸுக்கோ டெக்ஸஸுக்கோ போயிருந்தால் எந்த மைதான வாசலில் நின்றிருப்பார்?

அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம்.

2005-06 சீசன். ஏய்டி பூத்ராய்டு என்ற இளம் மேலாளரின் கீழ் வாட்ஃபோர்டு மூன்றாவதாக முடித்து, பிரீமியர் லீக்குக்கு ஏறும் இடத்துக்கான பிளே ஆஃபில் கிரிஸ்டல் பேலஸைத் தாண்டி, 2006 மே 21 அன்று கார்டிஃப் நகரின் மில்லேனியம் மைதானத்தில் லீட்ஸ் அணியை இறுதி ஆட்டத்தில் சந்தித்தது. 25-வது நிமிஷம் ஆஷ்லி யங் கார்னர் எடுத்தார், ஓடி வந்து எம்பித் தலையால் முட்டி உள்ளே அனுப்பியவர் டிமெரிட். வாட்ஃபோர்டு 3-0 என்று ஜெயித்தது. பிரீமியர் லீக்குக்குப் போவதால் அந்த கிளப்புக்குக் கிடைக்கக்கூடிய வருமானம் 4 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. வாரம் 40 பவுண்டு வாங்கியவர் 4 கோடி பவுண்டு கோல் போட்டார் என்று எல்லோரும் அதையே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். எந்தப் பிரீமியர் லீக் கிளப்பும் டிமெரிட்டை விலை கொடுத்து வாங்கவில்லை. அவர் இருந்த கிளப்பே மேலே போனது, போக வைத்த முதல் கோல் அவருடையது. அதாவது ஒரு ஆட்டக்காரன் தன் தலையால் முட்டிய பந்தின் பலத்தில் தானும் ஏறி, தன் கூட ஆடுகிறவர்களையும், ஜெர்சி எடுத்து வைக்கிறவரையும், டிக்கெட் கிழிக்கிறவரையும் சேர்த்து ஏற்றிவிட முடிகிற ஏற்பாடு அது. அமெரிக்காவில் எந்த இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரன் எவ்வளவு அழகான கோல் போட்டாலும் இது நடக்காது. கோப்பை கிடைக்கும், மாலை மரியாதை கிடைக்கும், அடுத்த மார்ச்சில் அதே லீக்கில் அதே எதிரணிகளோடு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இங்கே அணி எப்படி மேலே போகிறது என்பதற்கு கிறிஸ்டியன் ராமிரெஸ் கதை போதும். கலிஃபோர்னியா பையன். மூன்றாம் டிவிஷனில் சார்லட் ஈகிள்ஸ், அங்கிருந்து இரண்டாம் டிவிஷனில் மினசோட்டா. 2014-ல் அந்த லீக்கிலேயே அதிகக் கோல் அவருடையதுதான். 2014, 2015, 2016 என்று மூன்று வருஷம் கோலாகப் போட்டும் எம்எல்எஸ் வாசல் திறக்கவில்லை. 2017-ல் திறந்தது, ஏனென்றால் மினசோட்டாவின் உரிமையாளர்கள் நுழைவுக் கட்டணமாக 10 கோடி டாலர் கட்டி கிளப்பையே எம்எல்எஸ்-க்குள் கொண்டுபோனார்கள். முதல் சீசனிலேயே 14 கோல்! அதே கால், அதே ஆள். 2019 ஜனவரியில் தேசிய அணிக்கு முதல் ஆட்டம், பனாமாவுக்கு எதிராக, அதிலும் கோல். 2023-ல் கொலம்பஸுக்காக சின்சினாட்டிக்கு எதிரான அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டு, எம்எல்எஸ் கோப்பையையும் தூக்கினார். இவ்வளவு திறமையும் மினசோட்டாவில் மூன்று வருஷம் அப்படியே கிடந்தது. அவருடைய முதலாளி பணக்காரராக இல்லாமல் போயிருந்தால்? அவர் விட்டுவந்த அந்த லீக்கே 2017-க்குப் பிறகு ஆடவில்லை. முதலாளி கட்டணம் கட்டாத கிளப்களில், அவருக்கு ஈடு கொடுத்து ஆடிய எதிராளிகளில் பலர் வேறு வேலை தேடப் போயிருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் புல்தரையில் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் கதை இதைவிட வயிற்றெரிச்சல். இரண்டாம் டிவிஷனில் ஆடும் எங்கள் அணி சாக்ரமெண்டோ ரிபப்ளிக்குக்கு 2019 அக்டோபரில் எம்எல்எஸ் இடம் என்று அறிவித்தார்கள், ஊரே கொண்டாடியது. 2021 பிப்ரவரியில் பெரிய முதலீட்டாளர் விலகினார், இடம் போயிற்று. அடுத்த வருஷமே, 2022-ல், அதே இரண்டாம் டிவிஷன் அணி, எல்லா டிவிஷன் அணிகளும் மோதுகிற யூ.எஸ். ஓப்பன் கோப்பையில் சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி, ஸ்போர்ட்டிங் கான்சஸ் சிட்டி என்று வரிசையாக மூன்று எம்எல்எஸ் அணிகளை வெளியேற்றி இறுதி ஆட்டத்துக்குப் போனது. 2008-ல் சார்ல்ஸ்டன் போனதற்குப் பிறகு கீழ் டிவிஷன் அணி ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. ஆர்லாண்டோவில் 75-வது நிமிஷம் வரை கோல் இல்லை, கடைசியில் 0-3 என்று தோற்றார்கள். அந்த ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தோல்வி பெரிதாக வலிக்கவில்லை. இந்தப் பையன்கள் மைதானத்தில் செய்து காட்டியதற்கும் அவர்கள் எந்த லீக்கில் ஆடுவார்கள் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் வலித்தது. இன்னும் வலிக்கிறது.

சான் டியாகோவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாயல் என்று இரண்டாம் டிவிஷன் அணி இருந்தது. வேறு உரிமையாளர்கள் 50 கோடி டாலர் என்று சொல்லப்பட்ட தொகைக்கு எம்எல்எஸ் இடம் வாங்கினார்கள், லாயல் 2023 சீசனோடு மூடப்பட்டது. முதல் டிவிஷன் என்ற அந்தஸ்துக்கே முக்கிய உரிமையாளரின் சொத்து 4 கோடி டாலருக்குக் குறையக் கூடாது, பெரும்பாலான அணிகள் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரப் பகுதிகளில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனமே விதி வைத்திருக்கிறது. கிரீன் பே அளவு ஊருக்கு அதில் இடம் ஏது?

சரி, பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். டிமெரிட் கதையில் எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போவது இதைத்தான். அவருடைய தாத்தா டென்மார்க்காரர். அந்த வழியில் ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்கு உரிமை இருந்ததால்தான் அவரால் இங்கிலாந்தில் தங்கி ஆட முடிந்தது. அது இல்லாத அமெரிக்கனுக்கு அன்றைக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் தேசிய அணிக்காக முந்தைய இரண்டு வருஷ முக்கிய ஆட்டங்களில் 75 சதவீதம் ஆடியிருக்க வேண்டும். ஒன்பதாம் டிவிஷனுக்கு வந்து நிற்பவனிடம் போய் இதைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, ஐரோப்பிய பாஸ்போர்ட்டும் போதாது. அந்த வழி இன்றைக்கு டிமெரிட்டுக்கே கிடையாது. அதைச் சொல்லாமல் பத்து வயசுப் பிள்ளைகளிடம் அவரைப் போல நீயும் போ என்று சொல்வது நியாயமில்லை.

காரில் வரும்போது இதைப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, நமக்கு டென்மார்க்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், அந்த மனுஷனின் மன உறுதி பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 2009-ல் கண்ணில் காயமாகிப் பார்வை மங்கி, யாரோ தானம் கொடுத்த கருவிழியைப் பொருத்திக்கொண்டு, அடுத்த கோடையில் உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களும் ஆடினார். அதற்கு முன்னால் அதே 2009-ல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில், 35 ஆட்டங்களாகத் தோற்காத ஸ்பெயினை 2-0 என்று வீழ்த்திய அணியிலும் இருந்தார். எம்எல்எஸ்-க்கு வந்ததும் எப்படி? 2010 கடைசியில் வான்கூவர் அணி தன் முதல் எம்எல்எஸ் ஒப்பந்தமாக இவரைத்தான் கூப்பிட்டது, கேப்டனாகவும் ஆக்கியது. எந்த லீக் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லையோ அதே லீக். 2014-ல் ஓய்வு பெற்றார். 2003-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஏழு வருஷத்தில் அவரை உருவாக்கிய செலவு முழுக்க வேறொரு நாட்டுடையது.

நம்பிக்கை தருகிற செய்தி ஒன்றும் உண்டு. 2025 மார்ச்சில், சாக்ரமெண்டோ ஆடுகிற யுஎஸ்எல் லீக்கின் உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் மூன்று டிவிஷன்களுக்குள் ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்ற முறையைக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். 2027-28 சீசனில் தொடங்குவதாக அப்போது திட்டம். நிறைய பேர் இதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள், கீழே இறங்கினால் கிளப்கள் திவாலாகும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, இறங்குகிற கிளப்புக்குக் கைகொடுக்கப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆனால் இப்போதும்தான் கிளப்கள் மூடுகின்றன, இறங்காமலேயே மூடுகின்றன. ஆட்டக்காரன் ஒருவன் தன் கோலால் தன் கிளப்பை ஒரு படி ஏற்றுகிற நாள் இந்த ஊரிலும் வரட்டும். நான் முழுமனசாக இதன் பக்கம்.

பையனிடம் அதையும் சொன்னேன். அவன் கண் விரிந்தது. சாக்ரமெண்டோ ஜெயித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு படியாக ஏறுமா என்று கேட்டான். அந்த மூன்று படிக்குள் ஏறலாம் என்றேன்.

"அதுக்கு மேல?"

"எம்எல்எஸ்-ஆ? அங்கே ஜெயிச்சுப் போக முடியாதுடா."

"ஏன்?"

வீடு வந்துவிட்டது. ஷூவைக் கழற்றும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.