அளந்து கேளுங்கள்: சென்னைத் தெருக்களுக்கு என்ன வேண்டும்?

நகரத்தை மேம்படுத்த மக்கள் யோசனை சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தாலே நாம் எழுதி அனுப்புவது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. மேம்பாலம் கட்டுங்கள், கூவத்தைச் சுத்தம் செய்யுங்கள், ஆக்கிரமிப்பை எடுங்கள், சாக்கடையைச் சரிபண்ணுங்கள். எல்லாமே நியாயமான ஆசைகள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட வார்டு உதவிப் பொறியாளரால் எஸ்டிமேட்டாக மாற்ற முடியாது. எந்த இடம், எத்தனை மீட்டர், என்ன அளவு, எந்தத் துறை என்ற நான்கும் இல்லாத மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். 200 வார்டுகள் கொண்ட மாநகராட்சியில், நம் தெருவை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அந்த அறிவை அளவோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

முதலில் மழைத்தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஏரி, ஆறு என்ற பெரிய கணக்கு. ஆனால் வருடா வருடம் அரைமணி மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருக்களின் கணக்கு வேறு. அங்கே "வடிகால் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், தெருவோரம் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் வாயின் கம்பிச் சல்லடை வழியாக உள்ளே பாருங்கள். ஸ்லாபைத் தூக்க வேண்டாம். அது ஆபத்து, தேவையும் இல்லை.

தெருவில் தண்ணீர் நிற்கிறது, உள்ளே வடிகால் காலியாக இருக்கிறது என்றால் வடிகாலில் குறை இல்லை, வாயில்தான் குறை. ஒன்று, சல்லடையில் பிளாஸ்டிக் கவரும் இலையும் அப்பிக்கொண்டிருக்கும். அல்லது உள்ளே வண்டல் வடிகட்டித் தொட்டி மேல்வரை மண்ணால் நிரம்பி, அங்கிருந்து வடிகாலுக்குப் போகும் குழாய் அடைத்திருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால் வாயே சாலை மட்டத்தைவிட மூன்று நான்கு செ.மீ. உயரமாக இருக்கும். இது சென்னையில் மிகச் சாதாரணம். வடிகால் போட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர், சாலை போட்டவர் இன்னொருவர். இரண்டு மட்டமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யப் பெரிய டெண்டர் தேவையில்லை, கொத்தனார் வேலைதான்.

தெருவிலும் தண்ணீர், வடிகாலும் முழுக்கத் தண்ணீர் என்றால் கோளாறு உங்கள் தெருவில் இல்லை. கீழ்ப்பக்கம் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது கால்வாயில் போய்ச் சேரும் இடத்தில் கால்வாய் மட்டமே மேலே நிற்கிறது. சென்னை தட்டையான ஊர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூடக் கிடைக்காத பகுதிகள் பல. நடுவில் ஒரு குடிநீர்க் குழாயோ கேபிள் கட்டோ வடிகாலைக் குறுக்கே துளைத்துப் போனால் போதும், அதில் குப்பை சிக்கி மேல்பக்கம் நாலு தெரு முங்கும். எனவே மனுவில் உங்கள் தெருவை மட்டும் எழுதாமல், தண்ணீர் போகும் வழியில் நடந்து சென்று எந்த இடத்துக்குப் பிறகு வடிகால் காலியாக ஓடுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அடைப்பு அந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கும்.

மூன்றாவது நிலைமைதான் மோசமானது. மழையே இல்லாத மே மாதத்தில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது என்றால் கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் நிறைய இருந்தன. தண்ணீர் போக வேறு வழியில்லாமல் வடிகாலில் விட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "வடிகாலைத் தூர்வாருங்கள்" என்று கேட்டுப் பயன் இல்லை. கேட்க வேண்டியது குடிநீர் வாரியத்திடம், கழிவுநீர் இணைப்பை.

இதன் மறுபக்கம் நாமே செய்யும் தவறு. தெருவில் தண்ணீர் தேங்கினால் நடுரோட்டில் இருக்கும் வட்ட மேன்ஹோல் மூடியைக் கடப்பாரை போட்டுத் திறந்துவிடுகிறோம். அது கழிவுநீர்க் குழாய். வீடுகளின் கழிவுநீரைக் கணக்குப் போட்டுப் போட்ட குழாயில் மழைத்தண்ணீர் மொத்தமும் பாய்ந்தால், அடுத்த தெருவில் தரைத்தள வீட்டுக் கழிப்பறை வழியாக அது மேலே வரும். கூடவே போன மணல் குழாயில் படிந்து மாதக்கணக்கில் அடைப்புக் கொடுக்கும். திறந்த மூடி தண்ணீருக்கடியில் தெரியாமல் ஆள் விழுந்து இறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தூர்வாருவதிலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். அள்ளிய வண்டலைத் தொட்டி ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். ஈரம் காயட்டும் என்பது சரி, ஆனால் இரண்டு நாளுக்குமேல் கிடந்தால் அடுத்த மழை அதை அப்படியே உள்ளே தள்ளிவிடும். எந்தத் தேதிக்குள் அகற்ற வேண்டும் என்று மனுவில் குறிப்பிடுங்கள். குவியலைத் தேதி தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள்.

நம் வீட்டுப் பங்கும் உண்டு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,650 லிட்டர். நாற்பது வீடு உள்ள தெருவில் எல்லோரும் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டால் 1,86,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி பதினைந்துக்கும் மேல். கோடையில் காசு கொடுத்து வாங்கும் அதே தண்ணீர். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனால் அப்போது தோண்டிய குழிகள் பலவற்றில் ஜல்லிக்கும் மணலுக்கும் இடையே சேறு இறுகிக் கிடக்கிறது. செப்டம்பரில் மேல் ஒரு அடி மணலை எடுத்துக் கழுவிப் போட்டாலே உறிஞ்சத் தொடங்கும். களிமண் பகுதியில் மூன்றடிக் குழி வேலைக்காகாது. மூன்றடி அகல உறை இறக்கி, மணல் படுகை வரும்வரை பதினைந்து அடியாவது போக வேண்டும். பழைய கிணறு இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வடிகட்டித் தொட்டி வைத்து அதில் விடுங்கள்.

அடுத்தது நடைபாதை. 2014-இல் நடப்பவர், சைக்கிளில் போவோருக்கான கொள்கையை நாட்டிலேயே முதலில் ஏற்ற மாநகராட்சி இது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதமாவது இதற்கு என்று அதில் எழுதியிருக்கிறது. 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்ததும் இந்த வழியில்தான். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிப் போனால் மறுபடியும் ரோட்டில்தான் நடக்கிறோம். நடைபாதை இல்லாமல் இல்லை. இருக்கும் நடைபாதையில் ஏற முடியவில்லை.

காரணம் இதுதான். நம் ஊரில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடி. வடிகாலின் உயரத்தை முடிவு செய்வது தண்ணீர் போகும் மட்டம். நடப்பவரின் முழங்கால் அல்ல. அதனால் நடைபாதை ஒரு அடி உயரத்துக்குப் போய்விடுகிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதி (ஐ.ஆர்.சி. 103) சொல்வது விளிம்புக்கல் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், தலைக்குமேல் 2.2 மீட்டர் உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும். 30 செ.மீ. ஆகிவிட்டால் 3.6 மீட்டர் தேவை. அவ்வளவு இடம் தெருமுனையில் கிடையாது. உடனே செங்குத்தாக ஒரு சிமென்ட் சறுக்கலைப் பூசிவிட்டு "சாய்தளம்" என்று கணக்கு எழுதுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி மட்டுமல்ல, நல்ல கால் உள்ளவரும் மழையில் வழுக்குவார்.

வீட்டுக் கேட்டுகளும் இதே கதை. ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கினால், நூறு மீட்டரில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரர் இரண்டாவது கேட்டிலேயே ரோட்டுக்கு வந்துவிடுவார். சரியான முறை, நடைபாதை அதே மட்டத்தில் நேராக ஓட வேண்டும். கார் ஏறும் சரிவு விளிம்புக்கும் நடக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள மரம், கம்பம் நிற்கும் பட்டையில் முடிந்துவிட வேண்டும். கார் கொஞ்சம் ஏறி இறங்கட்டும். நடப்பவர் ஏன் இறங்க வேண்டும்?

எனவே "நடைபாதை அமையுங்கள்" என்று எழுதாமல், எந்த முனையிலிருந்து எந்த முனைவரை, 1.8 மீட்டர் தெளிவாக, 15 செ.மீ. உயரத்துக்குள் என்று எழுதுங்கள். நடுவில் நிற்கும் மின்வாரியப் பில்லர் பெட்டி எத்தனை, விளம்பரப் பலகை எத்தனை என்று எண்ணிப் போடுங்கள். பேவர் பிளாக் போடுகிறார்கள் என்றால் ஆட்கள் நடக்க 60 மி.மீ. கனம் போதும், பைக்கும் காரும் ஏறும் இடத்தில் 80 வேண்டும். ஓரத்தில் கான்கிரீட் பிடிமானம் இல்லாமல் போட்டால் முதல் மழையில் அடிமணல் ஓடி, ஆறே மாதத்தில் பல் ஆடுவதுபோல ஆடும்.

மரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுவதை நிறுத்தச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும். வடிகாலுக்காகத் தோண்டும்போது ஒரு பக்க வேரை மொத்தமாக அறுத்துவிட்டு மரம் நிற்கும் என்று நம்புவது வீண். 2016 வர்தா புயலில் மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்த ஊர் நாம். மரம் உள்ள இடத்தில் வடிகாலை வளைத்துக் கொண்டுபோக முடியும். அதை எஸ்டிமேட் போடும் முன்பே சொல்ல வேண்டும்.

சாலையைப் பொறுத்தவரை ஒரே வேண்டுகோள்: சுரண்டாமல் தார் போடக் கூடாது. 40 மி.மீ. போடுவதானால் 40 மி.மீ. மில்லிங் செய்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஐந்து முறை மேலேயே போட்டால் 20 செ.மீ., அதாவது வாசலில் ஒரு படி காணாமல் போயிற்று. மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று இறங்கிப் போகும் வீடுகளாக நிற்பது இப்படித்தான். வேலை தொடங்கும் முன் காம்பவுண்டு சுவரில் பழைய சாலை மட்டத்தைப் பெயிண்டால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பிறகு பேச ஆதாரம் வேண்டும். ஆறு மீட்டர் அகலத் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 செ.மீ. அளவுக்கு மேடாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் எத்தனை வடிகால் இருந்தும் தண்ணீர் ஓரத்துக்கு வராது.

வேகத்தடை கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கூர்மையான சின்ன மேடு கேட்காதீர்கள். அது இடுப்பை உடைக்குமே தவிர வேகத்தைக் குறைக்காது. விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வெள்ளைக்கோடு, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி மனுக்கள் செத்துப்போகின்றன. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, உட்புறச் சாலை, நடைபாதை, குப்பை ஆகியவை மாநகராட்சி, 1913. கழிவுநீர் பொங்குவது, வட்ட மேன்ஹோல், குடிநீர் ஆகியவை குடிநீர் வாரியம், 1916. பில்லர் பெட்டி, தாழ்ந்த வயர் மின்வாரியம், மின்னகம் 94987 94987. அண்ணா சாலை போன்ற சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஆறுகள் நீர்வளத் துறையுடையவை. ஒரே மனுவில் ஐந்து துறை விஷயத்தைக் கலந்தால் ஐந்து பேரும் மற்ற நால்வரைக் கை காட்டுவார்கள். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை.

எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரி ஒன்று. "இன்ன தெரு, இன்ன எண் வீட்டுக்கு எதிரே, மின்கம்பம் இன்ன எண் அருகில், வடக்கு ஓரம். 22 மீட்டர் நீளத்துக்கு 12 செ.மீ. ஆழம் தண்ணீர் தேங்குகிறது. மழை விட்டு 5 மணி நேரம் கழித்தும் வடியவில்லை. அருகில் தண்ணீர் இறங்கும் வாய் சாலையைவிட 4 செ.மீ. உயரத்தில் உள்ளது, வடிகாலுக்குள் தண்ணீர் இல்லை. வாயைச் சாலை மட்டத்துக்குக் கீழே இறக்கி அமைக்கவும், தண்ணீர் அதிகம் சேரும் இடத்தில் கூடுதலாக ஒன்று அமைக்கவும் வேண்டுகிறோம். படங்கள் இரண்டு இணைப்பு." ஆறு வரிதான். எஸ்டிமேட் போடத் தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது.

இதைக் கொடுக்க வேண்டிய காலமும் முக்கியம். பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆகவே மழைக்காலத்தில் எடுத்த அளவையும் படத்தையும் டிசம்பர், ஜனவரிக்குள் சேர்த்துவிட வேண்டும். அக்டோபரில் கத்தினால் மோட்டார் பம்பு மட்டும்தான் வரும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபைக் கூட்டம், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம் நடக்கிறது. அதில் வாயால் சொல்லிவிட்டு வராமல் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று கேளுங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்கு நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் திரட்டினால் மீதியை அரசு தரும் வழியும் இருக்கிறது.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு; 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், நழுவுவது எளிது. எஸ்டிமேட் நகல், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையை அளந்து பதியும் ஏடு) பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை ஆண்டு என்று ஆவணமாகக் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் உடைந்ததை ஒப்பந்தக்காரர் தன் செலவில்தான் சரிசெய்ய வேண்டும்.

வேலை தொடங்கிவிட்டால் முதல் இரண்டு நாள் யாராவது ஒருவர் டேப் வைத்துக்கொண்டு நிற்பது நல்லது. வடிகாலின் அடிமட்டம், கம்பி கட்டிய இடைவெளி, தண்ணீர் இறங்கும் வாயின் உயரம் ஆகியவற்றைக் கான்கிரீட் ஊற்றும் முன் உதவிப் பொறியாளர் இருக்கும்போதே அளந்துவிடுங்கள். ஊற்றி முடித்த பிறகு நான்கு செ.மீ. தவறென்று தெரிந்தால் அதை உடைக்க இன்னொரு மனு, இன்னொரு வருடம்.